ஏறினால் போதுமா, இறங்க வேண்டாமா?

இந்த வாரம் ஒரு வண்டி எஞ்சினைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "ஐயோ, அந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அடுப்பு சில நாள் ஏன் நீலமாக எரிகிறது, சில நாள் ஏன் மஞ்சளாகப் புகைகிறது என்று உங்களுக்குத் தெரியும். குக்கர் வெயிட்டுக்குள் இருக்கிற ரகசியம் தெரியும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம் என்பதும் தெரியும். இந்த மூன்றும் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் எஞ்சினில் புரியாத விஷயம் ஒன்றுமே கிடையாது. எனக்கு இதையெல்லாம் விளங்க வைத்ததும் ஒரு பெண்மணிதான். எழுபது வயதைத் தாண்டிய பாட்டியம்மாள்!

என் அக்கா அமெரிக்காவில், கொலராடோ மாகாணத்தில், டென்வர் நகரத்தை ஒட்டிக் குடியிருக்கிறாள். சேர்ந்திருந்த லீவையெல்லாம் போட்டு அவளிடம் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். டென்வர் கடல் மட்டத்துக்கு 5,280 அடி உயரத்தில் இருக்கிறது; கணக்காக ஒரு மைல். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகையால் தண்ணீர் நம் ஊரைப் போல 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். "குக்கர் மட்டும் இல்லையென்றால் இந்த ஊரில் சாம்பாரே கிடையாதடி!" என்றாள் அக்கா. இந்த 95 டிகிரி சமாசாரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அக்காவின் பக்கத்து வீட்டில் ஒரு வயோதிகத் தம்பதி. அவர்கள் வாசலில் ஒரு பெரிய பச்சை நிறப் பிக்கப் டிரக் நிற்கும். முன்னால் மூன்று பேர் உட்காருகிற அறை, பின்னால் திறந்த தொட்டி. அந்த மனிதருடைய தகப்பனார் 1975-ம் வருஷம் புதிதாக வாங்கிய வண்டியாம். அதன் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்ல ஒரு சக்கர வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். சாமான்களோடு சேர்த்து அது மட்டும் 6,000 பவுண்டு. நம் கணக்கில் 2,700 கிலோவுக்கு மேல்.

இந்தப் பாரத்தை இழுக்கிற எஞ்சினுக்கு 'பிக் பிளாக்' என்று பெயர். எஞ்சினின் உடம்பாகிய இரும்பு வார்ப்புக்குத்தான் 'பிளாக்' என்று சொல்கிறார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் எட்டு சிலிண்டர் எஞ்சினில் சின்ன வார்ப்பு ஒன்று, பெரிய வார்ப்பு ஒன்று என்று இரண்டு ஜாதி வைத்திருந்தன. பெரிய ஜாதியில் பேர்போனவை மூன்று: ஃபோர்டின் 460, செவ்ரலேயின் 454, கிறைஸ்லரின் 440. இந்த எண்கள் கன அங்குலக் கணக்கு. லிட்டரில் சொன்னால் ஏழிலிருந்து ஏழரை. நம் ஊர் மாருதி 800 கார் எஞ்சின்கள் ஒன்பதை ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவு! பக்கத்து வீட்டு வண்டி இந்த மூன்றில் எந்தக் கம்பெனியுடையது என்பது நமக்கு வேண்டாம். ஐம்பது வயதான வண்டி எதுவானாலும் அதற்கு மூட்டு வலி இருக்கத்தான் செய்யும்.

அந்தத் தம்பதியின் ஒரே மகள் மலைக்கு அப்பால், கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் இருக்கிறாள். டென்வரிலிருந்து சுமார் 245 மைல். அவளுக்குப் பிரசவ காலம் நெருங்கிக் கொண்டிருந்தது. மகள் வீடு சிறியது. ஆகவே சக்கர வீட்டையே ஓட்டிக்கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்தி, மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக் கொள்வதாக உத்தேசம். தாயார் மனசு எந்தத் தேசத்தில்தான் வேறாக இருக்கிறது?

ஆனால் நடுவிலே ராக்கி மலை இருக்கிறதே! அந்தச் சாலை ஐசன்ஹோவர் சுரங்கம் என்ற குகைப் பாதை வழியாகப் போகிறது. 1973-ல் திறந்தார்கள், 1979-ல் பக்கத்திலேயே இரண்டாவது குழாயும் தயாராயிற்று. மேற்கு வாசலில் அதன் உயரம் 11,158 அடி. நம் உதகமண்டலத்தைப் போல ஒன்றரை மடங்கு. அதற்கு முந்தைய வருஷம் இதே பாரத்தோடு போனபோது அந்த ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து, ஆவி கக்கி, சாலையோரத்தில் நான்கு மணி நேரம் நின்றுவிட்டதாம். பக்கத்திலே ராட்சஸ லாரிகள் சீறிக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவையும் சக்கர வீடு கிடுகிடுவென்று ஆடுமாம். அப்போது வண்டியை ஓட்டியவர் கணவர். இந்த வருஷம் கண் டாக்டர் அவரை வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஓட்டவேண்டியவர் அந்த அம்மாள்.

எஞ்சினை மராமத்துச் செய்து கொஞ்சம் பலப்படுத்தியே தீரவேண்டும் என்று ஆயிற்று. கையில் இருந்ததோ நாலாயிரம் டாலர். அதற்குமேல் ஒரு செப்புக்காசு கிடையாது. அதை எப்படிச் செலவழிப்பது என்று அவர்கள் வீட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றி ஒரு மகாநாடே நடந்தது. அக்காவும் நானும் தேநீர் குடிக்கப் போனவர்கள், அப்படியே சபையில் உட்கார்ந்துவிட்டோம்.

பெரியவருடைய தம்பி மகன் ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும். மோட்டார் என்றால் உயிர். அவன் ஒரு ஜாபிதா கொண்டு வந்திருந்தான். பெரிய கார்புரேட்டர், பந்தயக் கார்களுக்கான கேம் ஷாஃப்ட், பளபளவென்று வளைந்த புகைக்குழாய்கள். "பெரியம்மா, இதையெல்லாம் போட்டால் நானூறு குதிரை சக்தி வரும்!" என்றான். பெரியவரின் முகம் இருபது வயதுப் பிள்ளையின் முகம் போல மலர்ந்தது.

அந்த அம்மாள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எத்தனை சுற்றில் வரும்?" என்று கேட்டாள்.

"5,500 சுற்றில், பெரியம்மா."

"நான் 3,000 சுற்றுக்குமேல் ஓட்டப் போவதில்லையே, அப்பா. அதற்குக் கீழே என்ன கிடைக்கும்?"

சபையில் சத்தமே இல்லை.

நேயர்களே, அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. எஞ்சினின் அச்சு ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதுதான் 'சுற்று'. குதிரை சக்தி என்பது இழுவையையும் சுற்றையும் பெருக்கி வருகிற கணக்கு. வேகமாகச் சுற்றினால், இழுவை கொஞ்சமாக இருந்தாலும் குதிரை சக்தி ஏராளமாகத் தெரியும். பந்தயக் குதிரையும் வண்டி மாடும் போல. ஓட்டத்தில் குதிரைதான் ஜெயிக்கும். ஆனால் நெல் மூட்டை ஏற்றிய வண்டியை மேட்டில் இழுக்க மாட்டைத்தானே பூட்டுகிறோம்? பாரம் இழுக்கிற எஞ்சினுக்கு வேண்டியது, மெள்ளச் சுற்றும்போதே கிடைக்கிற இழுவை. பிக் பிளாக் எஞ்சினுக்கு அது இயற்கையாகவே உண்டு. பந்தயச் சாமான்களைப் போட்டால் மேலே கூடும், கீழே குறையும். குறைகிற இடம்தான் அந்த அம்மாள் ஓட்டப் போகிற இடம்!

மறுநாள் ஒரு மெக்கானிக் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதில் புதிதாகப் பலத்தைப் போட வேண்டியதில்லை. உள்ளே கட்டிப் போட்டிருப்பதை அவிழ்த்துவிட்டால் போதும்" என்றார்.

கட்டிப் போட்டது யார்? அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1970-ம் வருஷம் அமெரிக்காவில் காற்றுத் தூய்மைச் சட்டம் கடுமையாயிற்று. வண்டிப் புகையைக் குறைத்தே ஆகவேண்டும். பெட்ரோலில் கலந்துவந்த ஈயமும் படிப்படியாகப் போகவேண்டும் என்று வந்தது. நல்ல காரியம்தான். ஈயப் புகை குழந்தைகளின் மூளையையே கெடுக்கிற விஷம். 1996-ல் அங்கே சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் அடியோடு நின்றது. ஆனால் அந்த முதல் சில வருஷங்களில் புகையைக் குறைக்கக் கம்பெனிகளுக்குக் கைக்கு வந்த வழி, எஞ்சினின் உக்கிரத்தையே தணிப்பதாக இருந்தது. சிலிண்டருக்குள் காற்றையும் பெட்ரோலையும் பத்து மடங்குக்குமேல் நெருக்கி வந்தவர்கள், எட்டு, எட்டரை மடங்கோடு நிறுத்திக் கொண்டார்கள். சில எஞ்சின்களில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தையும் சில டிகிரி பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அடுப்பு அதே அடுப்புத்தான். திரியை மட்டும் இறக்கி வைத்தது போல.

வால்வுகளின் நேரத்தை நடத்துவது டைமிங் செயின். அதை மாட்டியிருக்கும் பல்சக்கரத்தை மாற்றினால் நேரம் பழையபடி ஒழுங்காகிவிடும். கீழ்ச் சுற்றில் இழுவை திரும்பிவிடும். செயினைத் தொட வேண்டுமானால் எஞ்சினின் முன்பக்கம் முழுவதையும், ரேடியேட்டர், விசிறி, தண்ணீர்ப் பம்பு எல்லாவற்றையும், கழற்றியாக வேண்டும். "எப்படியும் கழற்றப் போகிறோம்; அவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம். கூலி ஒரே கூலி" என்றார் மெக்கானிக். அந்த அம்மாள் தன் நோட்டுப் புத்தகத்தில் அதைக் குறித்துக்கொண்டு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

கழற்றிய அன்று நானும் போய்ப் பார்த்தேன். அந்நாளைய எஞ்சின்கள் பலவற்றில் சத்தம் கேட்காமலிருக்க அந்தப் பல்சக்கரத்தின் பற்களை நைலானில் செய்வது வழக்கமாம். வருஷக் கணக்கில் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து அது உலர்ந்த அப்பளம் போல ஆகிவிடும். அந்த வண்டியில் பற்கள் நாலைந்து வெடித்திருந்தன. ஒரு பல் உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்தால் எஞ்சினுக்கு எண்ணெய் போகாது. செயின் நழுவினால் வண்டி நடுமலையில் மரக்கட்டையாக நின்றுவிடும். இந்தச் சக்கரத்தை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே நானூறு குதிரை பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தம்பி மகன் அந்த நைலான் துண்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தான்.

ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களில் பாதிக்குமேல் உப்புப் படிந்து அடைத்துப் போயிருந்தன. போன வருஷக் கொதிப்புக்கு அதுதான் காரணம். இங்கேதான் அக்காவின் குக்கர் வருகிறது. சுரங்கத்தின் உயரத்தில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாரம் இழுக்கும் எஞ்சினோ அதைவிடச் சூடாக இருக்கும். பின்னே எப்படிக் கொதிக்காமல் போகிறது? ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. குக்கர் வெயிட்டைப் போலவே அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். அந்த மூடி தளர்ந்து போனால், எவ்வளவு உசத்தியான எஞ்சினாயிருந்தாலும் மலைமேல் சோறு வடித்துவிடும். புதிய ரேடியேட்டர், புதிய மூடி, விசிறியின் காற்று அக்கம் பக்கம் சிதறாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு கூடு. 'முதலில் சூட்டை ஆற்று' என்று நோட்டில் எழுதியிருந்தது.

அடுத்தது ஸ்பார்க். பெட்ரோல் எரிந்து முடியக் கொஞ்ச நேரம் பிடிக்கும்; ஆகையால் பொறியைச் சற்று முன்னதாகவே விடவேண்டும். எந்தச் சுற்றில் எவ்வளவு முன்னதாக என்பதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் தீர்மானிக்கின்றன. அவற்றை மாற்றி, கீழ்ச் சுற்றிலேயே சரியான நேரத்துக்குப் பொறி வரும்படி செய்தார். செலவு சில டாலர்தான். ஆனால் பேராசை கூடாது. அளவுக்கு மீறி முன்னால் தள்ளினால், பாரத்தில் எஞ்சின் 'டொக் டொக்' என்று தட்டும். அந்தச் சத்தம் பிஸ்டனுக்கு யமன். தட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு டிகிரி பின்வாங்கி நிறுத்தினார். புகை வெளியேற இரண்டு அகலமான குழாயும் சைலன்சரும் போட்டார். மூச்சு விட முடியாதவன் மூச்சு இழுக்கவும் முடியாது அல்லவா? பளபளப்பான வளைகுழாய்கள் வேண்டாம். பழைய வார்ப்பிரும்புதான் வருஷக் கணக்கில் சூட்டைத் தாங்கி விரிசல் விடாமல் இருக்கும் என்றார்.

கேம் ஷாஃப்ட் விஷயத்தில்தான் நான் அசந்து போனேன். பந்தயக் கேம் ஷாஃப்ட் வால்வுகளை வெகுநேரம் திறந்து வைக்கும். அதனால் மெள்ளச் சுற்றும்போது எஞ்சினுக்குள் உண்டாகும் வெற்றிடம் குறைந்துவிடும். "குறைந்தால் குறையட்டுமே, அதனால் என்ன?" என்று கேட்டேன்.

"காலால் பிரேக்கை அழுத்துகிறோமே, அதற்குத் துணை பலம் கொடுக்கிற பூஸ்டர் அந்த வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது, அம்மா. ஏறுவதற்குப் பலம் கூட்டுகிறேன் என்று இறங்குவதற்கு உள்ள பலத்தைக் குறைத்துக் கொள்வதா?" என்றாள் அந்த அம்மாள்.

பாரம் இழுக்கவென்றே மிதமான கேம் ஷாஃப்டும் கிடைக்கிறது. அதில் இந்தத் தொல்லை கிடையாது. மெக்கானிக் அதைச் சொன்னார். ஆனால் அந்தப் பணத்தைக் கிரௌன் பினியனில் போட்டால் பலன் அதிகம் என்றும் அவரே சொன்னார். பின் அச்சில் இருக்கும் பல்சக்கர ஜோடி அது. பழைய விகிதம் 3.54, அதை 4.10 ஆக்கினார்கள். எஞ்சினைத் தொடாமலே சக்கரத்தில் இழுவை ஏறக்குறைய 16 சதவீதம் கூடிவிட்டது! சும்மா வரவில்லை. மணிக்கு 60 மைல் போகும்போது முன்னே சுமார் 2,300 சுற்றுச் சுற்றிய எஞ்சின், இப்போது சுமார் 2,700 சுற்ற வேண்டும். பெட்ரோலும் கொஞ்சம் ஜாஸ்தி செலவாகும். ஏற்கெனவே பாரத்தோடு காலனுக்கு எட்டு ஒன்பது மைல்தான் கொடுக்கிற வண்டி. ஆனால் இந்தப் பல்சக்கரம் ஏற்றத்தில் தள்ளுவது போலவே இறக்கத்தில் பிடித்தும் நிறுத்தும். "இது இரண்டு பக்கமும் உழைக்கிற மாடு" என்று அந்த அம்மாள் உடனே சம்மதித்தாள். ஆட்டோமாடிக் கியர் பெட்டியின் எண்ணெயை ஆற்றத் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டரும் வைத்தார்கள். ஏற்றத்தில் எஞ்சினுக்கு முன்னால் வெந்துபோவது அந்த எண்ணெய்தானாம்.

மிச்சப் பணம் முழுவதும் சக்கர வீட்டின் பிரேக்குக்குப் போயிற்று. அதன் சக்கரங்களுக்கும் மின்சார பிரேக் உண்டு; டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் அதற்குத் தனியாக ஒரு பிடி. தேய்ந்த கட்டைகளை மாற்றி ஒழுங்கு செய்தவன் யார் தெரியுமா? அந்தத் தம்பி மகன்தான். இரண்டு நாள் தரையில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்துச் செய்தான். பிறகு எடைமேடைக்குக் கொண்டுபோய், கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்றும் பார்த்தார்கள். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும். குறைந்தால் பின்னால் வருகிற வீடு பாம்பு போல வளைந்து ஆட ஆரம்பித்துவிடும். 720 பவுண்டு இருந்தது. சரி. புகைப் பரிசோதனைக்கும் போய்ச் சீட்டு வாங்கி வந்தார்கள்.

புறப்படும் நாளில், "நீயும் வருகிறாயா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள். அக்கா, "ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா?" என்றாள். கிளம்பிவிட்டேன். திரும்பி வர ரயில் இருந்தது.

பெஞ்சு போன்ற அந்த ஆசனத்தில் நான் நடுவில், பெரியவர் ஜன்னலோரம். அதிகாலைக் குளிர். ஊர் எல்லை தாண்டியதும் ஏற்றம் தொடங்கிற்று. ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் என்ற கணக்கில் எஞ்சின் தன் சக்தியை இழந்துகொண்டே வரும். காற்று மெலிந்து போகிறதே! சுரங்கத்தை எட்டும்போது, கடல் மட்டத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். எத்தனை டாலர் செலவு செய்தாலும் மலை வசூலிக்கிற அந்த வரியைத் தவிர்க்க முடியாது.

அந்த அம்மாள் வலதுகோடிப் பாதையில், லாரிகளுக்குப் பின்னால், இரண்டாவது கியரில் மணிக்கு 40 மைல் வேகத்தில் ஏறினாள். கார்கள் விர்விர்ரென்று தாண்டிப் போயின. ஒரு தடவைகூட அவள் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்வை சாலைக்கும் சூட்டு முள்ளுக்கும் மாறி மாறிப் போயிற்று. முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியது. போன வருஷம் நின்ற இடம் வந்தபோது பெரியவர் என் பக்கமாகக் கையை நீட்டி, மனைவியின் தோளைத் தொட்டார். யாரும் பேசவில்லை. முள் அங்கேயே நின்றது. எஞ்சின் தட்டவில்லை, திணறவில்லை. ஒரே சுருதியில் தம்பூரா போல முழங்கிக் கொண்டிருந்தது.

சுரங்கம் சுமார் 1.7 மைல் நீளம். அதைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்ததும் சாலை சட்டென்று கீழே சரிந்தது. 7 சதவீதச் சரிவு! பின்னால் 6,000 பவுண்டு தள்ளுகிறது. எனக்கு அடிவயிறு கலங்கிற்று. அந்த அம்மாளோ, சரிவுக்குள் நுழையுமுன்பே வேகத்தை 35-க்குக் குறைத்து, இரண்டாவது கியரிலேயே வண்டியை விட்டாள். எஞ்சின் 'உம்' என்று உறுமிக்கொண்டு பாரத்தைப் பிடித்து நிறுத்தியது. வேகம் மெள்ள 40-க்கு ஏறும், ஒரு தடவை உறுதியாகப் பிரேக் அழுத்துவாள், 35-க்கு இறங்கும், காலை எடுத்துவிடுவாள். பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே இறங்கினால் கட்டைகள் சூடேறிப் பிடிப்பே போய்விடும் என்றாள். சாலையின் ஓரத்தில் மேட்டை நோக்கி ஏறும் ஒரு சரளைப் பாதையைக் காட்டினாள். பிரேக் போன லாரிகள் ஏறி, சரளையில் புதைந்து நிற்பதற்கென்றே கட்டியது அது. சரளையில் புதிதாக இரண்டு ஆழமான தடங்கள் இருந்தன. "இவனுடைய எஞ்சினும் மேலே நன்றாகத்தான் ஏறியிருக்கும்" என்றாள் அந்த அம்மாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு 10,600 அடிக்குமேல் உயரமுள்ள வெயில் கணவாய் ஒன்று. பிறகு ஆற்றோடு கூடவே ஓடும் கிளென்வுட் பள்ளத்தாக்கு. மாலையில் கிராண்ட் ஜங்ஷன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மாவும் பெண்ணும் கட்டிக்கொண்டு அழுததைப் பற்றி நான் உங்களுக்கு வர்ணிக்க வேண்டுமா? பதினோராவது நாள் ஒரு பெண் குழந்தை பிறந்ததாக அக்கா வீட்டுக்குச் செய்தி வந்தது.

நாலாயிரம் டாலரில் ஒரு குதிரையைக்கூட அந்த அம்மாள் ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. ஆற்றுவதற்கும் நிறுத்துவதற்கும்தான் பெரும் பங்கு போயிற்று. எஞ்சினுக்குள் போட்டதோ, அது பிறந்தபோதே தனக்கு உரியதாயிருந்ததைத் திருப்பிக் கொடுத்த அளவுதான். பார்ப்பவர் யாரும் "ஆகா!" என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. சத்தமில்லை, மினுக்கில்லை, வேகமில்லை. மகளுக்கு வலி எடுத்த ராத்திரி தாயார் பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

நம் வீடுகளிலும் கார், ஸ்கூட்டர், குளிர்சாதனப் பெட்டி என்று ஏதாவது ஒன்றுக்கு மகாநாடு நடந்துகொண்டேதான் இருக்கிறது. பெரும்பாலும் பேசுகிறவர் ஒருவர், அதைக் கட்டி மேய்க்கிறவர் இன்னொருவர். அடுத்த தடவை யாராவது உங்களிடம், "இதில் இத்தனை குதிரை சக்தி!" என்று சொன்னால், "எத்தனை சுற்றில்?" என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். அவர் விழித்தால், "சரி, இறங்கும்போது எது பிடிக்கும்?" என்று இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். பதில் வருகிற வரையில் பணப்பையை அவிழ்க்காதீர்கள்!